நாடு கூடிய நாட்கள்

சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு ஒரு தொடர் நன்கு அறிமுகமானது. 'நிறைவற நிறைந்து குறைவறக் கூடியிருந்து' என்று நாட்டாரும் சபையாரும் தம் கூட்டத்தைக் குறிப்பர். வரவேண்டியவர் அனைவரும் வந்திருந்தனர், ஒருவரும் குறையவில்லை என்பது அதன் பொருள். அதையடுத்துக் கூடியவர்கள் எடுத்த முடிவு வரும். முடிவை மீறுவோர்க்குரிய தண்டம் வரும். பின்னர்க் கையெழுத்துகள். அத்துடன் கல்வெட்டு முடிந்துவிடும்.

இந்தக் கல்வெட்டுகள் பலவும் நம்மிடம் விட்டுச்செல்லும் கேள்வி ஒன்று உண்டு. அவர்கள் ஏன் அன்றைக்குக் கூடினார்கள்? முந்தைய மாதம் கூடியிருக்கலாம், அடுத்த ஆண்டும் கூடியிருக்கலாம். மலைகளும் காடுகளும் ஆறுகளும் இடையிட்ட நிலப்பரப்பில், பல நாள் நடைத்தொலைவில் வாழ்ந்த பல நாட்டு மக்களை ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு கோயில் மண்டபத்தில் கொண்டுவந்து சேர்த்தது எது?

சிறிய கேள்விதான். ஆயினும் கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கல்வெட்டுகளை முன்வைத்து இக்கேள்வியைத் தொடர்ந்து சென்றால், அது அண்மைக்காலப் பொறியியலின் ஒரு முக்கியமான சிக்கலில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து திரும்பிப் பார்க்கையில் நம் வரலாற்றின் ஒரு பக்கம் வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. அந்தப் பயணத்தையே இக்கட்டுரை மேற்கொள்கிறது.

நாள் பார்த்துக் கூடுதலும் நிகழ்வு பார்த்துக் கூடுதலும்

ஊராட்சி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நாம் முதலில் சுட்டுவது உத்திரமேரூரைத்தான். முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த, அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவ்வூர்ச் சபையின் அமைப்பை விரிவாகச் சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வரி செலுத்தும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராய், 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குக் கீழும் இருப்பவரின் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. அறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எனப் பிரிந்து 360 நாட்கள் பணியாற்றுவர். ஆண்டு முடிந்ததும் மீண்டும் குடம், மீண்டும் ஓலை. கணக்குக் காட்டாதவர்க்கு மறுபடி வாய்ப்பில்லை.

இம்முறையின் உயிர்நாடி நாட்காட்டி. ஊரில் சிக்கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த நாள் வந்தால் கூட்டம் உண்டு. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். உறுப்பினர் அனைவரும் ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள். கூடுவதற்குச் சில தெருக்களைக் கடந்தால் போதும். ஆகவே நாள் பார்த்துக் கூடுவது அவர்களுக்கு இயன்றது.

நாடு என்னும் அமைப்பு வேறானது. பல வேளாண் ஊர்கள் இணைந்தது ஒரு நாடு. சோழநாட்டின் நாடுகள் அரசன் கோடு போட்டுப் பிரித்த நிர்வாகப் பிரிவுகளாக இல்லாமல், நீர்வளத்தை ஒட்டி இயல்பாகத் திரண்ட வேளாண் தொகுதிகளாக இருந்தன என்பதை எ. சுப்பராயலு தம் ஆய்வுகளில் எடுத்துக்காட்டியுள்ளார். அத்தகைய நாடுகள் பல ஒன்றுசேரும்போது அது பெரியநாடு. உத்திரமேரூர்ச் சபைக்கு இருப்பதைப் போன்ற அமைப்பு விதி எதுவும் பெரியநாட்டுக்குக் கல்லில் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைப்பவை தனித்தனி முடிவுகள் மட்டுமே. இந்தக் கோயிலுக்கு இவ்வளவு கொடை, இன்ன வரி இனி இல்லை, இன்னாரை எம்முடன் சேர்த்துக்கொண்டோம் என்பன போன்றவை அவை. ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் ஒரு நிகழ்வு நிற்கிறது.

நாள் பார்த்துக் கூடுதல் ஒன்று, நிகழ்வு பார்த்துக் கூடுதல் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத்தான் கடந்த கால் நூற்றாண்டாகக் கட்டுப்பாட்டுப் பொறியியலாளர்கள் கணிதத்தில் அலசி வருகின்றனர்.

ஏரிக்காவலர் பத்துப் பேர்

பொறியியல் என்றதும் வாசகர்கள் அஞ்ச வேண்டியதில்லை. நமக்குப் பழக்கமான ஏரிகளையே எடுத்துக்கொள்வோம்.

ஓர் ஓடையால் இணைக்கப்பட்ட பத்து ஏரிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு காவலர். வறட்சிக் காலத்தில் இருக்கும் நீரைப் பத்து ஊர்களும் எவ்வளவு எனப் பங்கிட்டுக்கொள்வது என்பதில் அவர்கள் ஓர் உடன்பாட்டுக்கு வரவேண்டும். அனைவரையும் ஆளும் தலைவர் எவரும் இல்லை. ஒவ்வொருவரும் தம் பக்கத்து ஏரிக்காவலருடன் மட்டுமே ஆளனுப்பிப் பேச இயலும். பக்கத்தவர் சொல்லும் அளவைக் கேட்டு, தம் அளவை அதை நோக்கிச் சிறிது நகர்த்திக்கொள்வர். அவரும் அப்படியே செய்வார். இப்படியே சென்றால் பத்துப் பேரும் ஒரே அளவில் வந்து நிற்பார்களா?

நிற்பார்கள். 1974ஆம் ஆண்டில் மோரிஸ் டிகுரூட் என்ற புள்ளியியல் அறிஞர் இதைக் கணிதமாக எழுதினார். குழுவிலுள்ள ஒவ்வொருவரும் பிறர் கருத்துகளுக்குத் தாம் தரும் மதிப்புக்கேற்ப அவற்றின் சராசரியைத் தம் கருத்தாக ஏற்றுக்கொண்டே போனால், சில நிபந்தனைகளின்கீழ் அனைவரும் ஒரே கருத்தை அடைவர் என்று காட்டினார். 2004இல் ரெசா ஒல்பாத்தி சாபர், ரிச்சர்ட் முர்ரே இருவரும் இதைப் பல கருவிகள் தம்முள் பேசிக்கொள்ளும் அமைப்புகளுக்குப் பொருத்தி விரித்தெழுதினர். தனித்து இயங்கும் ஒவ்வொரு கருவியையும் முகவர் என்றும், அவை சேர்ந்ததைப் பல்முகவர் அமைப்பு என்றும் அழைப்பர். கூட்டமாகப் பறக்கும் ஆளில்லா விமானங்கள், வயல்களில் சிதறிக் கிடக்கும் ஈரப்பத உணரிகள் ஆகியவற்றுக்கெல்லாம் இதுவே அடிப்படை. முதன்மையான நிபந்தனை ஒன்றுதான். எந்த இருவரை எடுத்தாலும் ஒருவரிடமிருந்து மற்றவரிடம் இடையிலுள்ளோர் வழியாகவேனும் செய்தி சென்று சேரவேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் ஒருமைப்பாடு இல்லை.

இனி அடுத்த கேள்வி. ஆளை எப்போது அனுப்புவது? ஒவ்வொரு நாழிகையும் அனுப்பினால் உடன்பாடு வந்துவிடும். ஆனால் ஓடுபவன் களைத்துப்போவான். மின்கலத்தில் இயங்கும் உணரிக்கு ஒவ்வொரு செய்தியும் ஆயுளில் ஒரு துளி. ஏரிக்காவலருள் அறிவுடையவர் ஒருவர் இப்படிச் சொல்லக்கூடும்: "நான் கடைசியாகச் சொன்ன அளவு உங்கள் நினைவில் இருக்கட்டும். என் உண்மை அளவு அதிலிருந்து ஒரு சாண் மாறினால் மட்டும் ஆளனுப்புகிறேன். ஆள் வராத வரையில் நான் சொன்னதே நடப்பில் இருக்கிறது என்று கொள்ளுங்கள்." இதுவே நிகழ்வு தூண்டும் கட்டுப்பாடு என்பது.

1999இல் கார்ல் யோஹான் ஓஸ்ட்ரோம், போ பெர்ன்ஹார்ட்சன் ஆகிய சுவீடன் நாட்டு அறிஞர்கள், காலக்கணக்கில் அளப்பதையும் நிகழ்வுக்கணக்கில் அளப்பதையும் ஒப்பிட்டு, எளிய அமைப்புகளில் பின்னது சிக்கனமானது என்று காட்டினர். 2007இல் பாவுலோ தபுவாதா இதற்குத் தெளிவான கோட்பாட்டு வடிவம் தந்தார். 2012இல் டிமோஸ் டிமாரோகோனஸ், எமிலியோ பிரசோலி, கார்ல் ஹென்ரிக் யோஹான்சன் ஆகிய மூவரும், பல முகவர்கள் ஒருமித்த முடிவை எட்டும் சிக்கலுக்கு இதைப் பொருத்தினர். அவர்கள் வகுத்த விதியில் வரம்பு மாறாத ஒரு சாண் அன்று. பக்கத்தவருடன் கருத்து வேறுபாடு பெரிதாக இருக்கும்போது வரம்பும் பெரிது. உடன்பாடு நெருங்க நெருங்க வரம்பும் சுருங்கும். தொலைவில் நிற்கையில் சிறு மாற்றங்களைச் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நெருங்கிய பின் சிறு மாற்றமும் முக்கியம். இரு குடும்பங்களுக்கிடையே சமாதானம் பேசியவர்கள் எவரும் இவ்விதியை உடனே ஒப்புக்கொள்வர்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஓர் ஆணியில் தொங்குகிறது. 'கடைசியாகச் சொன்ன அளவு' என்பதே அந்த ஆணி. அது அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எதிலிருந்து விலகினோம் என்பது தெரிந்தால்தான் எவ்வளவு விலகினோம் என்று அளக்க முடியும். இதை மனத்தில் இருத்திக்கொண்டு மீண்டும் கல்வெட்டுகளுக்குத் திரும்புவோம்.

மேழிக்கொடி ஏந்திய பெரியநாடு

பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரிலிருந்து மேற்கே கல்வராயன் மலை அடிவாரம் வரையிலும் தெற்கே வெள்ளாறு வரையிலும் விரிந்த பகுதி பழைய நடுநாட்டின் பெரும்பகுதி. கிழக்கே மலையமான்களின் நாடு. மேற்கே ஆறகழூரைத் தலைமையிடமாகக் கொண்ட வாணகோவரையர்களின் மகதை மண்டலம். 2019ஆம் ஆண்டு நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டம் இவ்விரண்டின் பகுதிகளையும் தன்னுள் கொண்டிருக்கிறது.

இடைக்காலத்தில் இங்கு வலுவுடன் விளங்கிய அமைப்பு சித்திரமேழிப் பெரியநாடு. மேழி என்றால் கலப்பை. அதனையே அவர்கள் அடையாளச் சின்னமாகக் கொண்டனர். தம்மைப் பூமிபுத்திரர் என்று சொல்லிக்கொண்டனர். பதினெண்பூமி, எழுபத்தொன்பது நாடு என்னும் அடைமொழிகள் அவர்தம் கல்வெட்டுகளில் வருகின்றன. இவ்வெண்களை எண்ணிப் பார்த்த கணக்காகக் கொள்ள வேண்டியதில்லை. பரப்பின் பெருமையைச் சொல்லும் மரபு எண்களாக இருக்கலாம். எனினும், ஓர் ஊரையோ ஒரு நாட்டையோ கடந்து வேளாண் குடிகள் தம்மை ஒரே அமைப்பாக உணர்ந்தனர் என்பதற்கு இவை சான்று. வணிகக் குழுவான ஐந்நூற்றுவருடனும் இவர்களுக்குத் தொடர்பிருந்தது.

எழுபத்தொன்பது நாட்டார் திங்கள்தோறும் கூடுவது நடவாத செயல். உழவு, நடவு, அறுவடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாதத்தில் பாதி நாளை நடையிலேயே கழிக்க வேண்டியிருக்கும். எனவே வழக்கமான காரியங்களை அந்தந்த ஊரும் நாடும் பார்த்துக்கொள்ளும். ஊரின் வரம்பை மீறியது நாட்டுக்கு வரும். நாட்டின் வரம்பை மீறியது பெரியநாட்டுக்கு வரும்.

கள்ளக்குறிச்சி வட்டத்து வரஞ்சரம் கோயிலில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டொன்று இருக்கிறது. நத்தமக்களும் மலையமான்களும் இடங்கைப் பிரிவில் சேர்த்துக்கொள்ளப்பட்டதை அது தெரிவிக்கிறது. ஒரு குழுவினர் இன்னொரு குழுவினரோடு உறவு பூண்டு, இனி நாம் ஒன்று என்று உறுதி எடுத்துக்கொள்கின்றனர். பொறியாளரின் சொல்லில் கூறுவதானால், இதுவரை தொடர்பில்லாத முகவர்களிடையே புதிய தொடர்புக் கோடு ஒன்று வரையப்படுகிறது. பின்னாளில் செய்தி ஓடப்போகும் வழி இங்கே அமைக்கப்படுகிறது.

1429

வலங்கை, இடங்கை என்னும் இருபெரும் பிரிவுகளின் பகை நெடியது. முதலாம் குலோத்துங்கன் அரியணையேறிய இரண்டாம் ஆண்டில், ஏறக்குறைய 1071இல், இராசமகேந்திரச் சதுர்வேதிமங்கலத்தில் இவ்விரு பிரிவினருக்கும் இடையே மூண்ட கலகத்தில் ஊரே எரிக்கப்பட்டது. கோயில் கருவூலம் கொள்ளைபோனது. இவர்கள் என்றேனும் ஓரிடத்தில் அமர்ந்து ஒரே முடிவை எடுப்பர் என்று அன்று எவரேனும் சொல்லியிருந்தால் நகைத்திருப்பர்.

அமர்ந்தார்கள். மூன்றரை நூற்றாண்டுகள் கழித்து, விசயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் காலத்தில், 1429ஆம் ஆண்டில் அது நடந்தது. கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே விருத்தாசலம் கோயில் சுவரில் அம்முடிவு பொறிக்கப்பட்டது. வலங்கைத் தொண்ணூற்றெட்டும் இடங்கைத் தொண்ணூற்றெட்டும் ஒன்றாய்க் கூடின. அரசு அலுவலரும் சீவிதக்காரரும் குடிகளை வருத்துகின்றனர். பிராமணரும் காணியாளரும் அரசவரியைத் தண்டுகின்றனர். ஆகவே அவர்களுக்கு நம்மில் எவரும் புகலிடம் தரலாகாது, இந்நாட்டில் பிறந்த எவரும் அவர்களுக்குக் கணக்கெழுதலாகாது, அவர்தம் ஏற்பாடுகளுக்கு உடன்படலாகாது. மீறுவோர் நாட்டுக்குத் துரோகிகள். அவர்களைக் குத்திக் கொல்லலாம். கல்வெட்டின் சாரம் இது.

அதே ஆண்டில் இத்தகைய கல்வெட்டுகள் காவிரிப் பகுதியிலும் தோன்றின. நொபுரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இவற்றை ஒருங்கே வைத்து ஆராய்ந்து, பரந்த நிலப்பரப்பில் எழுந்த ஓர் எதிர்ப்பியக்கத்தின் தடங்களாக இவற்றை விளக்கியுள்ளனர். அவற்றுள் கொறுக்கைக் கல்வெட்டு இன்றும் நம்மைத் தடுத்து நிறுத்தும். நாம் ஒன்றுபட்டு நில்லாமையால்தான் நமக்கு அநீதி நேர்ந்தது என்று அதில் மக்களே சொல்கின்றனர். அதன்பின் இன்ன விளைச்சலுக்கு இவ்வளவுதான் வரி என்று தாமே விகிதங்களை வகுத்துக் கல்லில் வெட்டுகின்றனர்.

இப்போது ஏரிக்காவலரை நினைவுகூர்வோம். சுவரில் பொறித்த வரி விகிதம் என்பது 'கடைசியாகச் சொன்ன அளவு' அன்றி வேறென்ன? அலுவலர் கேட்பது கல்லில் உள்ளதைவிட எவ்வளவு கூடுதல் என்பதை இனி எந்தக் குடியானவனும் அளந்துகொள்ளலாம். விலகல் பொறுக்கும் எல்லைக்குள் இருக்கும் வரையில் அவரவர் தம் வேலையைப் பார்ப்பர். எல்லை கடந்தால் செய்தி ஓடும், நாடு கூடும். கல்வெட்டு வெட்டியதன் நோக்கம் நினைவுச்சின்னம் அமைப்பதன்று. அடுத்த கூட்டம் எப்போது தேவைப்படும் என்பதை ஒவ்வொருவரும் தாமே அறிந்துகொள்ள ஓர் அளவுகோல் நடுவதே அது. மன்னனின் ஆணையும் மக்களின் முடிவும் ஏன் கோயில் சுவர்களைத் தேடிச் சென்றன என்பதற்கு இதுவும் ஒரு விடை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. கல்லில் பதிவானவை முக்கிய நிகழ்வுகள் மட்டுமே. ஏதும் முடிவெடுக்காமல் கலைந்த கூட்டங்கள் பல இருந்திருக்கலாம். அவற்றுக்குச் சிற்றுளி செலவழிப்பார் யார்? ஆகவே பெரியநாடு நிகழ்வின்போது மட்டுமே கூடியது என்று அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை. ஆனால் அதன் வலிமை எப்போது வெளிப்பட்டது என்று கேட்டால் விடை ஐயத்துக்கிடமின்றித் தெரிகிறது.

மௌனத்தின் இரு பொருள்கள்

நிகழ்வு பார்த்துக் கூடும் முறையின் சிறப்புகளைச் சொன்னோம். குறைகளையும் சொல்லவேண்டும். பொறியாளர்கள் மூன்றை அடையாளம் கண்டுள்ளனர்.

முதலாவது, ஓயாத் தூண்டல். வரம்பைத் தவறாக வகுத்தால், ஒரு செய்தி அடுத்த செய்தியைத் தூண்டி, அது அதற்கடுத்ததைத் தூண்டி, சிறுபொழுதுக்குள் எண்ணற்ற செய்திகள் குவிந்துவிடும். முடிவிலாப் புதிர்களால் புகழ்பெற்ற பழைய கிரேக்க மெய்யியலாளர் சீனோவின் பெயரால் இதைச் சீனோ நிலை என்பர். இரு செய்திகளுக்கிடையே குறைந்தபட்ச இடைவெளி இருக்கும்படி விதி செய்து இதைத் தவிர்க்கின்றனர்.

இரண்டாவது, மாறாத வரம்பு. எந்நிலையிலும் ஒரு சாண் என்று வைத்துவிட்டால், உடன்பாடு அந்த ஒரு சாண் அளவுக்குக் கரடுமுரடாகவே நின்றுவிடும். 2013இல் சைபோத், டிமாரோகோனஸ், யோஹான்சன் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. நிலையான வரம்பால் முகவர்கள் பொது முடிவின் அருகே வருவர். சரியாக அதன்மேல் வந்து நிற்பார்கள் என்பதற்கு உறுதியில்லை.

மூன்றாவதுதான் நம் கட்டுரைக்கு உயிரானது. ஏரிக்காவலரிடமிருந்து ஆள் வரவில்லை. இதன் பொருள் என்ன? அவர் ஏரியில் மாற்றமில்லை என்பதாக இருக்கலாம். ஓடிவந்த ஆள் வழியில் பாம்பு தீண்டி இறந்திருக்கலாம். காவலரே இறந்திருக்கலாம். நிகழ்வு தூண்டும் அமைப்பில் மௌனத்துக்கு இரு பொருள்கள் உண்டு. கேட்பவருக்கு அவற்றுள் எது என்று தெரிய வழியில்லை. ஆகவேதான் நடைமுறையில் இத்தகைய கருவிகளை அமைப்பவர்கள், நிகழ்வு ஏதும் இல்லாவிட்டாலும் குறித்த காலத்துக்கொருமுறை 'நான் இருக்கிறேன்' என்று மட்டும் சொல்லும் ஒரு சமிக்ஞையைச் சேர்த்துவிடுகின்றனர். நாடித்துடிப்பைப் போன்றது அது.

இந்த மூன்றாம் குறை கணிதத்தைவிட வரலாற்றில் கொடியது. பெரியநாட்டுக் கூட்டத்தில் 'குறைவற' வந்திருந்தவர் யார்? நிலமுடைய வேளாண் தலைவர்கள். அவர்தம் வயலில் உழைத்தவர்க்கு அங்கே இடமில்லை. உத்திரமேரூர்க் குடத்திலும் நிலமற்றவர் பெயர் விழவில்லை. அவர்களிடமிருந்து செய்தி வரவில்லை என்பதை, அவர்களுக்குக் குறையில்லை என்றே நாடு எடுத்துக்கொண்டது. 1429இல் கைவினைஞரும் உழுகுடிகளும் தாமே கூடியது, அந்த மௌனத்தைப் பிறர் தம் விருப்பம்போல் பொருள்கொள்வதற்கு முற்றுப்புள்ளி வைத்த செயல் என்றும் கொள்ளலாம்.

மலைமேல்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். கோமுகி அங்கேதான் பிறக்கிறது. வெள்ளிமலையும் கரியாலூரும் சேராப்பட்டும் இன்னாடும் அம்மலைமேல் உள்ள ஊர்கள். அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தவர் என்று பொருளில்லை, மலையை ஆள்பவர் என்பதே பொருள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. 1909இல் எட்கர் தர்ஸ்டன் தொகுத்த நூலும் இம்மரபைப் பதிவு செய்திருக்கிறது.

சமவெளியில் நாடு என்னும் சொல் வெறும் நிலப்பெயராகத் தேய்ந்த பின்னரும் மலைகளில் அது உயிருடன் இருந்தது. கொல்லிமலையின் ஊராட்சிகள் இன்றும் வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்றே பெயர் பெற்றுள்ளன. ஊருக்கு ஒரு மூப்பர், பல ஊர்கள் சேர்ந்த நாட்டுக்கு ஒரு தலைவர் என்ற அடுக்கு, சேலம் பகுதி மலைகளின் மலையாளி மக்களிடையே நிலவியதை ஆங்கிலேயர் காலப் பதிவுகள் காட்டுகின்றன. வழக்கு எழுந்தால் ஊர் கூடும். ஊருக்கு அடங்காதது நாட்டுக்குப் போகும். பெரியநாட்டின் முறையைச் சிற்றளவில் இவர்கள் காத்து வந்தனர் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் இந்த மலைக்கும் கீழே இருந்த அரசுக்கும் நடுவில் கண்ணி அறுந்திருந்தது. கல்வராயன் மலை ஜாகிர்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன் முதலிய பட்டப் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிய ஜாகிர்தாரர்களே மலை மக்களுக்கும் அரசுக்கும் இடையே நின்றனர். நாடு விடுதலையடைந்த பின்னரும் இந்நிலை தொடர்ந்தது. 1976இல்தான் மலை முழுமையாக அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது என்றும், வாக்குரிமையை மலை மக்கள் 1990களில்தான் பெற்றனர் என்றும் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் எடுத்துரைக்கப்பட்டது.

அது எப்போது எடுத்துரைக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாடே திரும்பிப் பார்த்தது. அடுத்த மாதம் உயர்நீதிமன்ற நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் ஆகியோர் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாகவே முன்வந்து வழக்கெடுத்தனர். சாலை, பள்ளி, மருத்துவம் எனும் அடிப்படை வசதிகளின் நிலை பற்றி அரசிடம் கேள்விகள் எழுந்தன.

இதனை நாம் நம் சொற்களில் வைத்துப் பார்க்கலாம். இறந்தவர்கள் மலையடிவார நகரத்தவர்கள். சாலையில்லாமல் நோயாளியைத் தூளியில் சுமந்து இறங்கும் துன்பம் மலைவாழ் மக்களுக்குப் புதிதன்று. அது ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நிகழ்வது. அத்துன்பம் தனித்தனியே எந்த வரம்பையும் மீறவில்லை. எதிலிருந்து விலகல் என்று அளப்பதற்குக் கல்லில் வெட்டிய அளவு ஏதும் அவர்களுக்காக இருக்கவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயரில்லாதவரின் நிலையிலிருந்து எதை அளப்பது? கீழே நேர்ந்த ஒரு பெருஞ்சாவே மேலே வாழ்பவர்களை நோக்கி அரசின் தலையைத் திருப்ப வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதத்தில், மரக்காணம் அருகிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனாலால் 20க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். அன்று ஓடிய செய்தி எந்த ஏரியைச் சென்றடைந்தது என்று தெரியவில்லை. வரம்பு மட்டும் மீண்டும் பழைய உயரத்திலேயே வைக்கப்பட்டது.

குடமும் வேண்டும்

நிகழ்வு தூண்டும் முறை சிக்கனமானது, அழகானது. தொலைவுகளைக் கடந்து, மைய அதிகாரம் ஏதுமின்றி, பகைவரையும் ஓர் இடத்தில் அமர்த்தவல்லது. விருத்தாசலத்துச் சுவர் அதற்குச் சான்று. ஆனால் அது குரலுடையோரின் முறை. ஆளனுப்ப இயன்றவர்க்கும், விலகலை அளக்கத் தக்க அளவுகோல் கைவசம் உள்ளவர்க்குமே அது உதவும்.

குரல் எட்டாதவர்க்கு நாட்காட்டிதான் துணை. உத்திரமேரூரின் ஆண்டுக் குடம் சலிப்பூட்டும் சடங்காகத் தோன்றலாம். சிக்கல் ஏதும் இல்லாத ஆண்டிலும் அது எடுக்கப்பட்டது, கணக்குக் கேட்கப்பட்டது என்பதிலேயே அதன் பெருமை இருக்கிறது. ஐந்தாண்டுக்கொருமுறை வரும் தேர்தலும் அத்தகைய நாடித்துடிப்பே. தமிழகத்தில் இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராமசபை கூட வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. வெள்ளிமலைக்கும் சேராப்பட்டுக்கும் இது பொருந்தும். அந்நாட்களில் பேச ஒன்றுமில்லாவிட்டாலும் பாய் விரித்து அமரவேண்டும். வந்தோர் பெயரை எழுதவேண்டும். வராதோர் ஏன் வரவில்லை என்று கேட்டு ஆளனுப்பவேண்டும்.

'குறைவறக் கூடியிருந்து' என்று எழுதிய பழைய கணக்கன், எழுதுமுன் ஒருமுறை தலை நிமிர்ந்து மண்டபத்தை நோக்கியிருப்பான். வந்தவரை எண்ணுவது எளிது. அம்மண்டபத்துக்கு வரவே வழியில்லாதவரையும் சேர்த்து எண்ணிய பின் அத்தொடரை எழுதும் நாளில்தான் நாடு முழுமையாகக் கூடியதாகக் கொள்ளலாம்.